சூரியன் சீறினால் சரியும் கோடு

"சூரியன் சீறினால் எண்ணிக்கை ஏறத்தானே வேண்டும், மாமா?"

பினாங்கின் பட்டர்வொர்த் ஃபெரியில் அக்காள் மகள் கைப்பேசியை நீட்டினாள். பின்லாந்தின் ஊலு நகரில் 1964 முதல் இயங்கும் நியூட்ரான் மானியின் வரைபடம். காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் துகள்கள், காற்றில் மோதும்போது தெறிக்கும் நியூட்ரான்களை எண்ணும் கருவி அது. 2024 மே 10 அன்று, படியில் இடறியதுபோல் கோடு சரிந்திருந்தது.

இந்த முரண்தான் எனக்குப் பிடித்தது.

சூரியன் வீசியெறியும் காந்தப் பிளாஸ்மா, அண்டவெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை வழியிலேயே விலக்கிவிடுகிறது. ஃபோர்புஷ் வீழ்ச்சி என்று பெயர். குறைவதை எண்ணியும் சீற்றத்தை அறியலாம்!

பூமத்திய ரேகைக்கு அருகே, நம் வட்டாரத்தில் பூமியின் காந்தப்புலம் மிகக் கண்டிப்பானது. வலிய கதிர்களை மட்டுமே உள்ளே விடும். அவற்றை எண்ண, தாய்லாந்தின் தோய் இந்தனோன் மலையில் 2007 முதல் ஒரு மானி இயங்குகிறது.

"பினாங்கு மலையிலும் வைக்கலாமே?"

வைக்கலாம். ஆனால் அந்த மலை 2,565 மீட்டர், நம்முடையது 833. உயரம் குறைந்தால், மேலே உள்ள காற்று அதிகம் தடுத்துவிடும்; எண்ணக் கிடைப்பதும் குறைவு.