எட்டரை மணி ஓட்டை

1966-ஆம் வருடத்து அமெரிக்க டிவியின் ஒரு வியாழக்கிழமை மாலையை எங்கள் வீட்டு ஹாலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எடுத்துக்கொண்டது செப்டம்பர் 15, ஏபிசி சேனல். ஏழரைக்கு 'பேட்மேன்', அன்றைக்கு ஜூலி நியூமார் கேட்வுமனாக வருவார். எட்டுக்கு 'எஃப் ட்ரூப்'. ஒன்பதுக்கு 'பிவிட்ச்டு', சாதாரண மனிதனைக் கட்டிக்கொண்ட சூனியக்காரியின் கதை; அந்தத் தொடர் கலருக்கு மாறிய முதல் நாள் அது. ஒன்பதரைக்கு 'தட் கேர்ள்'. பத்து மணிக்கு 'ஹாக்' என்றொரு துப்பறியும் தொடர் உண்டு. அதற்குள் வீட்டில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

எல்லாம் கிடைத்தது. எட்டரை மணி மட்டும் காலி. அங்கே இருந்தது நடிகை டாமி கிரைம்ஸின் தொடர், 'தி டாமி கிரைம்ஸ் ஷோ'. எவ்வளவு தேடியும் ஒரு எபிசோடுகூட எனக்கு அகப்படவில்லை. எடுத்தது 10, ஒளிபரப்பானது 4. செப்டம்பர் 8-ல் ஆரம்பித்து 29-ல் மூட்டை கட்டிவிட்டார்கள்.

கதை இவ்வளவுதான்: கைநிறையச் செலவு செய்யும் பணக்கார வீட்டுப் பெண், சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காத கஞ்ச சித்தப்பா, அவர் ஒரு பேங்க்காரர், அதே பேங்க்கில் வேலை பார்க்கும் சாதுவான இரட்டைச் சகோதரன். 'பேட்மேன்' எடுத்த வில்லியம் டோசியர்தான் இதற்கும் தயாரிப்பாளர்.

முதல் வியாழன் குறுக்கு வழியில் போனேன். அதே எட்டரைக்கு என்பிசியில் வந்த 'ஸ்டார் ட்ரெக்'கைப் போட்டேன். மாட்டிக்கொண்டேன். அது ஒரு மணி நேரத் தொடர். ஒன்பதரை வரை யாரையும் சோபாவை விட்டு எழுப்ப முடியவில்லை, 'பிவிட்ச்டு' அம்போ. அன்றைய அமெரிக்க வீடுகளிலும் இதே கதைதான் நடந்திருக்கும் என்று தோன்றியது. எட்டரைக்கு அந்தப் பக்கம் போனவர் ஒன்பதுக்குத் திரும்பி வருவாரா என்ன?

இரண்டாவது வியாழன், மேடைக்கே போய்விட்டேன். 'தி அன்சிங்கபிள் மாலி பிரவுன்' 1960 நவம்பரில் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் தொடங்கி 532 காட்சிகள் ஓடிய இசை நாடகம். டைட்டானிக்கில் தப்பிய மாலியாக டாமி கிரைம்ஸ். அந்த நாடகக் குழு பாடிய ஒலிப்பதிவைப் போட்டேன். தொண்டை கட்டியவர் பாடுவதுபோல ஆரம்பிக்கிறது டாமியின் குரல். ஒரு சொல்லின் நடுவில் கரகரவென்று உடைகிறது, அந்த உடைசலின் மேலேயே ஏறி அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருங்க இது, சளி பிடிச்சவங்க மாதிரி?" என்றாள். பாட்டு முடியும்போது அவளும் உட்கார்ந்திருந்தாள். அந்த வேடத்துக்கு டாமிக்கு டோனி என்கிற அமெரிக்க நாடக விருது கிடைத்தது. கதாநாயகிக்கானது இல்லை, துணை நடிகைக்கானது! நாடகத்தின் பெயருக்கு மேலே இல்லாமல் கீழே அவர் பெயரைப் போட்டிருந்ததுதான் காரணம். 1964-ல் அது படமானபோது மாலி வேடம் டெபி ரெனால்ட்ஸுக்குப் போனது.

மூன்றாவது வியாழன் கரண்ட் போய்விட்டது. சரி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாயால் கதை சொன்னேன். 'பிவிட்ச்டு' சூனியக்காரி வேடத்துக்கு முதலில் அணுகியது டாமி கிரைம்ஸைத்தான், வேண்டாம் என்றுவிட்டார், கடைசியில் இவருடைய தொடர் அதற்கு முந்தைய அரைமணியில் வந்து நின்றது என்றெல்லாம். இதை அவருடைய அசட்டுத்தனமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1964-ல் அவர் பிராட்வேயில் 'ஹை ஸ்பிரிட்ஸ்' நாடகத்தில் பேயாக வந்துகொண்டிருந்தார். மேடையில் பேயாக வருபவருக்கு டிவியில் மூக்கை ஆட்டி மந்திரம் போடும் வேலை எதற்கு?

நான்காவது வியாழன் புத்தி வந்தது. டாமியின் சகோதரனாக நடித்தவர் டிக் சார்ஜென்ட். மூன்று வருடம் கழித்து, 1969-ல், அவரே 'பிவிட்ச்டு'வில் டிக் யார்க்குக்குப் பதிலாகக் கணவன் டேரின் ஆனார். காணாமல் போன தொடரின் முகம் ஒன்றாவது எட்டரைக்கு வரட்டும் என்று அவர் நடித்த 'பிவிட்ச்டு' எபிசோடு ஒன்றைப் போட்டேன். அப்புறம் ஒன்பதுக்கு, பட்டியலில் இருந்த டிக் யார்க் எபிசோடு.

ஐந்து நிமிஷம் பேச்சில்லை. அப்புறம் என் பெண் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, இந்த ஆன்ட்டிக்கு எட்டரைக்கு ஒரு வீட்டுக்காரர், ஒன்பது மணிக்கு வேற ஒருத்தரா?"