கரிநெருப்பு

பாளையங்கோட்டைப் பள்ளியில் நமக்குத் தமிழும் வேதபாடமும் எடுத்த சார்வாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்த செய்தி, துபாயில் நைட் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது வந்தது. பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். நம்ம ஊசிக்கோபுரம் சர்ச்சுக்கு 200 வருஷம் நிறைகிற இந்த 2026ல் எப்படியும் பாளைக்கு வந்து அவரைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தேன்.

1986, ஒன்பதாம் வகுப்பு. ஆடி மாதம், ஸ்டடி மணிக்குச் சற்று முன். உடன்குடிப் பக்கத்திலிருந்து கருப்பட்டிப் பெட்டியோடு அப்பா போர்டிங் கேட்டில் வந்து நின்றார். பனையேறி. மேல் பொத்தான் இல்லாத சட்டைக்குள் நெஞ்சுக் காய்ப்பு தெரிந்தது. "யாருல அது?" என்றார்கள் பயல்கள். "எங்க ஊர்க்காரரு" என்றேன். அப்பா காதில் விழுந்தது. "தம்பிட்ட குடுத்துருங்க" என்று பெட்டியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சார்வாள் வராந்தாவில் நின்றிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அந்த வார வேதபாடத்தில், என் பக்கம் திரும்பாமல், இயேசுவைத் தெரியாது என்று அவர் சீடன் பேதுரு மூன்று தடவை மறுதலித்த பகுதியை எடுத்தார். "சாவுக்கும் ஆயத்தம்னு பேதுரு மனசாரத்தான் சொன்னான். ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதும் அந்த மனசு எங்க போச்சு? மனுஷ பலம் அவ்வளவுதான். தீர்மானம் பண்ணினா போதும்னா சிலுவை எதுக்கு?" கர்த்தர் திரும்பி பேதுருவைப் பார்த்தார் என்று சுவிசேஷங்களில் லூக்கா மட்டுமே எழுதுகிறார். அதை வாசிக்கையில் சார்வாள் குரல் இறங்கிற்று.

ராத்திரி தனியே அழைத்து யோவான் சுவிசேஷத்தில் 18ஆம் அதிகாரத்தையும் 21ஆம் அதிகாரத்தையும் காட்டினார். பேதுரு மறுதலித்தபோது குளிர்காய்ந்தது கரிநெருப்பில். உயிர்த்தெழுந்த ஆண்டவர் அவனுக்காகக் கரையில் மீன் சுட்டு வைத்திருந்ததும் கரிநெருப்பில். "மூணு தடவை இல்லேன்னவன்ட்ட, அன்பாயிருக்கியான்னு மூணு தடவை கேட்டாரு. லீவுக்குப் போகும்போது அப்பாட்ட சொல்லிருய்யா."

அதுவரை களவும் குடியும்தான் பாவம் என்றிருந்தேன். பெற்றவரைப் பார்த்துக் கூசிய என் நெஞ்சை அன்று கண்டேன். நான் ரட்சிக்கப்பட்ட ராத்திரி அது.

முழுப்பரீட்சை லீவுக்கு ஊருக்குப் போனேன். விடிலியில், அந்தக் காய்ச்சும் குடிசையில், அம்மா கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அந்த அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஓலைப்பட்டையில் அப்பா எனக்குப் பயினி (பதநீர்) ஊற்றிக் கொடுத்தார். சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அடுத்த லீவு, அதற்கடுத்த லீவு என்று தள்ளி, கடைசியில் கடல் தாண்டிவிட்டேன். அப்பாவின் அடக்க ஆராதனைக்குக்கூட வந்துசேர முடியவில்லை.

ஆண்டவர் மன்னித்தார் என்ற நிச்சயம் எனக்கு உண்டு. அப்பா கேட்டிருந்தாலாவது சொல்லியிருப்பேன். அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.