நாலு சீருடை, ஐந்து பேர்

நம் கல்லூரி நூலகத்தில் 'ஏழை படும் பாடு' இருந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் 'லே மிசெராப்ல்' நாவலை யோகி சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்தது. எங்கள் கைக்கு வரும்போது அட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. தமிழ் சேர் அந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது கதாநாயகனை 'ஜீன் வல்ஜீன்' என்பார். பாரிசுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் என் வாயில் 'ழான் வல்ழான்' வருவதில்லை.

அப்போது எங்களுக்கு அது ஒரு பாண் கதை. அக்காவின் ஏழு பிள்ளைகள் பட்டினி. பாண் கடைக் கண்ணாடியைக் கையால் உடைத்து ஒரு பாண் எடுத்தவனுக்கு ஐந்து வருடச் சிறை. தப்பி ஓடப் பார்த்துப் பார்த்து அது பத்தொன்பது வருடமாகிறது. வெள்ளிச் சாமான் திருடியவனுக்கு ஆயர் விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்த இடத்தில், பின்வாங்கிலிருந்து ஒருவன் "சேர், உந்த ஆயர் எங்கட பக்கம் வரமாட்டாரோ?" என்று கேட்டான். சேரே சிரித்துவிட்டார்.

போன வருடம்தான் முழு நாவலையும் பிரெஞ்சில் வாசித்தேன். மொத்தம் 365 அத்தியாயங்கள். நாளுக்கு ஒன்றாக, லா கூர்நெவ்விலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில். என்னுடையது உணவகக் குசினியில் பழகிய பிரெஞ்சு. கைபேசி அகராதிதான் துணை. முதல் பதினாலு நாளும் ஆயரைத் தவிர வேறு கதையில்லை, அவருடைய வீட்டுச் செலவுக் கணக்கு உட்பட! பதினைந்தாம் நாள்தான் வல்ஜீன் ஊருக்குள் நடந்து வருகிறான். அப்புறம் வாட்டர்லூ போர், அது பத்தொன்பது நாள். இந்தக் காலத்து ஆள் எவனும் அங்கே புத்தகத்தை மூடிவிடுவான். நானும் இரண்டு முறை மூடினேன்.

பலர் இதை 1789 பிரெஞ்சுப் புரட்சிக் கதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இது 1832 ஜூன் 5, 6இல் பாரிசில் நடந்த, தோற்றுப்போன கிளர்ச்சி. ஜெனரல் லமார்க்கின் இறுதி ஊர்வலத்தில் வெடித்தது. தெருவை மறித்துத் தடையரண் கட்டிய பெடியளை இவ்வளவு பாசத்தோடு எழுதிய ஹியூகோ, 1848 ஜூன் கிளர்ச்சியில் மறுபக்கம் நின்றவர். சட்டசபை உறுப்பினராகத் தடையரண்களுக்குப் போய், சரணடையுங்கள் என்று சொன்னவர். 1851 ஆட்சிக் கவிழ்ப்பை எதிர்த்து நாட்டை விட்டு ஓடி, கெர்ன்சித் தீவில் அகதியாக இருந்துதான் 1862இல் இந்த நாவலை வெளியிட்டார். இதெல்லாம் அந்தக் கிழிந்த புத்தகத்தில் எங்கே இருந்தது!

எனக்குப் பொறி தட்டிய இடம் வேறு. இனி உதவி வராது என்று தடையரணில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது. குடும்பக்காரர் வெளியேறுங்கள் என்கிறார்கள். ஒருவரும் அசையவில்லை. ஒரு இளைஞன் பக்கத்தில் நின்ற பெரியவரைக் காட்டி, நீர் பிள்ளைகுட்டிக்காரர், போம் என்கிறான். அவர் திருப்பி, இரண்டு சகோதரிகளுக்குச் சோறு போடுகிறவன் நீதானே, நீ போ என்கிறார். கடைசியில் ஐந்து பேரைத் தெரிவு செய்கிறார்கள். ஆனால் வெளியே தப்பிப்போகப் போட்டுக்கொள்ளும் எதிர்ப்படைச் சீருடை நாலுதான் உண்டு. அந்த நேரம் பார்த்து ஐந்தாவது சீருடை ஒன்று வந்து விழுகிறது. மொந்தெத்தூர் சந்தால் உள்ளே வந்த வல்ஜீன் தன் உடையைக் கழற்றிப் போட்டிருக்கிறான்.

அன்று நான் இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

எங்கள் வகுப்பில் ஒருவன். பெயர் எழுதவில்லை, கூடப் படித்தவர்களுக்குத் தெரியும். 1985இல் ஒரு இரவு அவனோடு இயக்கத்துக்குப் போவதென்று சந்திவரை போய்விட்டேன். அவன் என் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்து வீட்டுப் பக்கம் திருப்பினான். "உனக்கு மூண்டு தங்கச்சிமார். போடா." அவ்வளவுதான். பிறகு அவனைக் காணவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தைத் தேடிப் போனேன். நாவலில் தடையரண் இருந்த ஷான்வ்ரெரித் தெரு இப்போது இல்லை. ரம்புத்தோ தெருவோடு சேர்ந்துவிட்டது. மொந்தெத்தூர் தெரு மட்டும் இருக்கிறது. அங்கே நின்றபடி டொரொண்டோவில் இருக்கும் மூத்த தங்கைக்கு எடுத்து, புத்தகத்தையும் சொன்னேன், சந்தியையும் சொன்னேன். நாற்பது வருடத்தில் முதல் தடவை.

"தெரியும் அண்ணா," என்றாள். "அண்டைக்கு நீங்கள் சைக்கிளைக் கொண்டுவந்து சாத்தின சத்தம் கேட்டாப் பிறகுதான் அம்மா விளக்கை நூத்தவ."