மைலோ டின்

கீழ்வீட்டு அம்மாளின் அடுப்படியில் ஒரு பழைய மைலோ டின் இருந்தது. எட்டு மாத காலத்தில் அதற்குள் ஒவ்வொன்றாக நான் கொண்டுபோய் வைத்தவை இவை: என் அடையாள அட்டையின் நகல், திருமணப் பதிவுச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், அவளுடைய தடுப்பூசிப் புத்தகம், என் எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ், இரண்டு பழைய மருத்துவச் சீட்டுகள், நூற்று எண்பது வெள்ளி (மலேசிய ரிங்கிட்). மகனின் பிறப்புச் சான்றிதழ் மட்டும் கணவரின் அலமாரியில் மாட்டிக்கொண்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

"அடிக்கும் கணவரை விட்டு எப்படி ஒரே நாளில் துணிந்து வெளியே வந்தாய்?" என்று கேட்பவர்களுக்கு நான் இந்த டின்னைத்தான் சொல்வேன். ஒரே நாளில் யாரும் வருவதில்லை.

கணவர் லாரி ஓட்டுபவர். ஜொகூர் பாருவுக்குப் போனால் திரும்ப இரண்டு நாள் ஆகும். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கிளம்பிய அரை மணி நேரத்தில், முந்தின இரவு வீங்கிய இடது கையோடு கீழே இறங்கினேன். அம்மாளின் தொலைபேசியில் 15999-ஐ அழைத்தேன். தாலியான் காசே என்ற அரசாங்கத்தின் உதவி எண் அது, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். எடுத்த பெண் என்னிடம் முதலில் கேட்டது, "நீங்கள் பேசும் இடம் பாதுகாப்பானதா?" என்பதுதான். ஏன் அடித்தார் என்று அவர் கேட்கவே இல்லை. பதினோரு வருடத்தில் எல்லாரும் கேட்டது அந்த ஒன்றைத்தான். சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் அம்மா உட்பட.

கோலாலம்பூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவை ஒட்டி, அடிபட்டு வரும் பெண்களுக்கென்று ஒரு தனி அறை இருக்கிறது. மருத்துவர், சமூகப் பணியாளர், தேவைப்பட்டால் போலீஸ் என எல்லாரும் நம்மைத் தேடி அங்கே வருவார்கள். நாம் ஒவ்வொரு கவுண்டராக அலைந்து அதே கதையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். 1990களில் நாட்டிலேயே முதன்முதலாக இந்த மருத்துவமனையில்தான் அந்த ஏற்பாடு தொடங்கியதாம். போலீஸ் புகார் செய்த பிறகுதான் சிகிச்சை என்று நினைத்துக்கொண்டு நான் முன்பு இரண்டு தடவை காயத்தோடு வீட்டிலேயே இருந்திருக்கிறேன். அது தவறு. புகார் இல்லாமலே பார்ப்பார்கள். மருத்துவர் கையைப் புகைப்படம் எடுத்து, அளந்து, எழுதி வைத்தார். அந்த ஒரு பக்கக் குறிப்பு பின்னால் எனக்கு ஒரு சாட்சியைப் போலப் பயன்பட்டது.

அன்று மாலையே ஒரு தொண்டு அமைப்பின் வேன் வந்தது. அவர்களுடைய இல்லத்தின் பெயரையோ எந்தத் தாமான் (குடியிருப்புப் பகுதி) என்பதையோ நான் சொல்லப்போவதில்லை. முகவரியை வெளியிட மாட்டேன் என்று முதல் நாளே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேனில் ஏறியதும் அந்தப் பணியாளர் (அக்கா என்றுதான் கடைசிவரை கூப்பிட்டேன்) என் மகனின் கையில் இருந்த டேப்லட்டை வாங்கிப் பார்த்தார். அது அவனுடைய அப்பாவின் கூகுள் கணக்கில் திறந்திருந்தது. விளையாட்டுச் சாமான் என்று நினைத்து எடுத்து வந்த பொருள், நாங்கள் எங்கே போகிறோம் என்று அவருக்குக் காட்டிக்கொண்டே வந்திருக்கிறது. அங்கேயே அணைத்தார்கள். டின்னைத் தயார் செய்கிறவர்கள் இதையும் யோசியுங்கள்.

இனி தாள் வேலை. இதில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காவல் நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "இது குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த முறை அக்கா என்னை வேறொரு நிலையத்துக்கு அழைத்துப் போனார். எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் பேசப் பேச அதிகாரி மலாயில் தட்டச்சு செய்தார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது அக்கா தடுத்து, "முழுவதும் படி" என்றார். படித்தேன். "அடித்தார்" என்று நான் சொன்ன இடத்தில் "பெர்தெங்காரான்" என்று இருந்தது. வாக்குவாதமாம். உலோகக் குழாயால் கையில் விழுந்த அடி வாக்குவாதமாகிப் போயிருந்தது. திருத்தச் சொன்னோம், முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார்கள். அந்த ஒரு சொல் அப்படியே போயிருந்தால் விசாரணை எந்தத் திசையில் போயிருக்குமோ! மலாய் சரளமாக வராதவர்கள் யாரையாவது கூட அழைத்துப் போங்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தத்தால் அவசரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று வந்திருக்கிறது. சமூக நல இலாகா அதிகாரியே அதைக் கொடுக்கலாம். நீதிமன்றமும் வேண்டாம், புகாரும் வேண்டாம். ஆனால் ஏழு நாள்தான் செல்லும். எனக்கு முதலில் அதுதான் கிடைத்தது. அந்த ஏழு நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் போய் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை வாங்கினோம். போலீஸ் விசாரணை நடக்கும் காலம் முழுவதும் அது செல்லுபடியாகும். ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம் அவ்வளவு பெரியது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. (அந்தச் சாலைக்குப் பெயர் மாறிப் பல வருடமாகிவிட்டது, கிரேப் வாடகைக் கார் ஓட்டுநர்கள் உட்பட எல்லாருக்கும் அது இன்னும் டூத்தாதான்.) காலை எட்டரைக்குப் போனோம், முறை வந்தபோது பதினொன்று. மகள் பசியில் அழ, அக்கா பையிலிருந்து ஒரு பாக்கெட் பிஸ்கட் எடுத்தார். எத்தனை பேரோடு எத்தனை காலை அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்தப் பிஸ்கட்டிலேயே தெரிந்தது.

ஆணையின் நகலை எப்போதும் கைப்பையில் வைத்திருக்கச் சொன்னார்கள். வைத்திருக்கிறேன். மடித்து மடித்து ஓரம் கிழிந்துவிட்டது.

மகனின் பள்ளி மாற்றத்தில் ஒரு தடை வந்தது. அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பிறப்புச் சான்றிதழ் வேறு இல்லை. சான்றிதழ் எளிது; தேசியப் பதிவு இலாகாவில் தாய் என்ற முறையில் விண்ணப்பித்து நகல் வாங்கிவிட்டேன். கையெழுத்துக்குத்தான் வாதாட வேண்டியிருந்தது. முஸ்லிம் அல்லாத தாய்க்கும் தந்தைக்கும் பிள்ளைகள் மேல் சம உரிமை என்று 1999இலேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. அக்கா அந்தப் பக்கத்தை நகல் எடுத்து உறைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேசையில் அதை வைத்ததும் பேச்சு மாறியது. சட்டம் இருப்பது ஒன்று, அதைக் கையில் தாளாக எடுத்துப்போவது வேறொன்று.

இல்லத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள், அங்கே எல்லாரும் அழுதுகொண்டே இருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். பாதி நேரம் கழிப்பறை கழுவும் முறையைப் பற்றிய சண்டைதான். ஓர் அறைக்கு இரண்டு குடும்பம். மலாய்க்காரர், சீனர், சரவாக்கிலிருந்து வந்த ஒரு பெண், நாங்கள் மூன்று தமிழர்கள். சமையலறையில் பன்றியும் கிடையாது, மாடும் கிடையாது. அதனால் யாருக்கும் வருத்தமும் கிடையாது. என் முறை வந்த முதல் நாள் மீன் குழம்பு வைத்தேன். அந்தச் சரவாக் பெண் ஒரு வாய் வைத்துவிட்டு, "தாவார்லா, காக்" என்றாள். உப்பே இல்லையாம். எனக்குக் கோபம் வந்தது. பிறகு நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. உப்பு ஒரு கல் கூடினால் தட்டு பறக்கும் வீட்டில், உப்பே போடாமல் சமைக்கப் பழகியிருக்கிறேன். எனக்கு நல்ல உப்புக் காரம் பிடிக்கும் என்பதையே மறந்திருந்தேன்.

அடுத்த வாரம் ஆலோசகரிடம் இதைத்தான் சொன்னேன். அதற்கு முந்தைய மூன்று சந்திப்புகளில் நான் "பரவாயில்லை", "ஓகே" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மலாயில் கேட்டால் மலாயில் பதில் சொல்லலாம்தான், ஆனால் "குமைச்சல்" என்பதை மலாயில் எப்படிச் சொல்வது? அதன்பிறகு தமிழ் தெரிந்த ஒருவரை வாரம் ஒரு நாள் ஏற்பாடு செய்தார்கள். மனசுக்குச் செய்யும் வைத்தியம் அவரவர் மொழியில் நடந்தால்தான் பிடிக்கும் என்பது என் அனுபவம்.

இரவில் சாவிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காரும் பழக்கம் போக ஏழெட்டு மாதம் பிடித்தது. மகனுக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை.

இப்படி ஓர் இல்லத்தை முதலில் யார் யோசித்தார்கள் என்று ஒருநாள் கேட்டேன். பெண்களுக்கான உதவி அமைப்பு ஒன்று 1982இல் பெட்டாலிங் ஜெயாவில் அடைக்கல இல்லம் தொடங்கியது, பினாங்கில் பெண்களுக்கான நெருக்கடி மையம் 1985இல் வந்தது என்று அக்கா சொன்னார். குடும்ப வன்முறைக்கு ஒரு சட்டமே இல்லாத காலம் அது. ஆணை வாங்க முடியாத அந்த நாள்களில், வந்த பெண்களை என்ன சொல்லித் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்தார்களோ தெரியவில்லை.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது இல்லத்துக்குள் வருவதல்ல, வெளியே போவது. மூன்று மாதம் இல்லத்தில், பிறகு ஆறு மாதம் அவர்களுடைய இரண்டாம் கட்ட வீட்டில் வேறு இரண்டு தாய்மார்களோடு, மாதம் இருநூறு வெள்ளி கொடுத்துக்கொண்டு. அதற்குள் ஒரு டோபிக் கடையில் வேலை கிடைத்தது. குறைந்தபட்ச ஊதியம், 1,700 வெள்ளி. வீடு தேடத் தொடங்கினேன். "இந்தியர்களுக்கு இல்லை" என்று விளம்பரத்திலேயே போட்டுவிடுகிறார்கள். அந்த மட்டில் நேரம் மிச்சம். போடாதவர்கள் தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்பார்கள். பதினேழு இடம் கேட்டேன். கணவர் எங்கே என்ற கேள்வியைத் தாண்டியவை மூன்று. செந்தூலில் கிடைத்த வீட்டுக்கு வாடகை 700. அதோடு இரண்டு மாத முன்பணம், அரை மாதம் தண்ணீர் மின்சாரத்துக்கு, முதல் மாத வாடகை எல்லாம் சேர்த்தால் 2,450. ஒன்றரை மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. பழைய இடத்துக்கே திரும்பிப் போகும் பெண்களை யாரும் திட்டாதீர்கள். பல பேர் அந்த மனிதனிடம் திரும்பிப் போகவில்லை, முன்பணம் இல்லாமல்தான் போகிறார்கள். இது அந்த இல்லத்தில் நான் கண்ணால் பார்த்தது.

அமைப்பு 2,000 வெள்ளியை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது, மாதம் நூறாகத் திருப்ப வேண்டும். மீதியை டோபிக்கடை முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக முன்கூட்டித் தந்தார். நன்கொடை கேட்டு வருகிறவர்களுக்குப் பழைய துணி மூட்டை கட்டித் தருகிறோமே, ஒரு குடும்பத்தின் முன்பணத்துக்குக் கொடுத்தால் இன்னும் உதவும். துணி அங்கே மாடிப்படி வரை கிடக்கிறது.

விவாகரத்து இன்னும் முடியவில்லை. அதற்கு முன்னால் சமரசக் குழுவின் முன் போய் உட்கார வேண்டும் என்கிறது சட்டம். அவரோடு ஒரே மேசையில் உட்கார எனக்கு மனமில்லை. விலக்குக் கேட்க முடியுமா என்று வழக்கறிஞர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கடனில் இன்னும் பதினோரு தவணை பாக்கி. போன வாரம் அக்கா புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு செய்தி அனுப்பினார். புதிதாக ஒருவர் வந்திருக்கிறாராம், ரவாங் பக்கம், தமிழ் மட்டும்தான் பேசுவாராம், கைக்குழந்தை வேறு. வியாழக்கிழமை ஜாலான் டூத்தாவில் அவருக்கு மாஜிஸ்திரேட் விசாரணை. கூட உட்கார முடியுமா என்று கேட்டிருந்தார். கடையில் விடுப்புச் சொல்லிவிட்டேன். எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும். பிஸ்கட் இரண்டு பாக்கெட்டாக வாங்கியிருக்கிறேன்.