ஆவணியில் அடையாற்று முகத்துவாரம்

மார்பில் பாதி செம்மை உதிர்ந்து பாதி மிச்சமிருக்கும் ஓர் உப்புக்கொத்தியை, கரையோரம் மேயும் அந்தச் சின்னப் பறவையைப் பார்ப்பதற்காகத்தான் ஆவணி பிறந்ததும் மதுரையிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறுகிறேன்.

அக்கா வீடு பெசன்ட் நகரில். இந்த முறை ஆகஸ்ட் கடைசி வாரம். காலை ஐந்தரைக்கே அக்கா மகனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு, கடற்கரையோடு வடக்கே ஊரூர் குப்பம் வழியாக நடந்தோம். குப்பம் தாண்டினால் மணல், மணல் முடிகிற இடத்தில் உடைந்த பாலம். மீனவர்கள் ஆற்றைக் கடக்க 1967-இல் கட்டியது, 1977-இல் இடிந்தது. படங்களில் பார்த்திருப்பீர்கள். எனக்கு வேண்டியது பாலம் அல்ல, வற்றத்தில் கடல்நீர் இறங்கும்போது அதற்கு மேற்கே தலைகாட்டும் சேற்றுத் திட்டு.

கரைப்பறவை பார்ப்பவர்கள் பலரும் டிசம்பர், ஜனவரியில் வருகிறார்கள். அப்போது பறவைக் கூட்டம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாமே சாம்பல். எது எந்த உள்ளான் என்று பிரிப்பதற்குள் கண் வலித்துவிடும். ஆவணியில் வந்து இறங்குபவை கோடையில் கூடு கட்டிய ஊரின் நிறத்தை உடம்பில் சுமந்துகொண்டு வருகின்றன. சில வாரங்கள்தான். இங்கே வந்தபின் இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும், நிறமும் போய்விடும். அதனால் என்னைக் கேட்டால், ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் ஆவணியில் வாருங்கள் என்பேன்.

ஏழரை மணிக்குத் திட்டு நன்றாக வெளியே வந்துவிட்டது. முதலில் காதில் விழுந்தது பவளக்காலியின் சீழ்க்கை. மனித வாடை பட்டாலே ஊருக்கெல்லாம் சொல்லிவிடும் பறவை அது. அசையாமல் மணலில் உட்கார்ந்தோம். பத்து நிமிடத்தில் அது மறுபடி மேயத் தொடங்கியது, அப்புறம் மற்றவையும்.

நான் தேடி வந்த மணல் உப்புக்கொத்தி இருபதடி தூரத்தில் நின்றது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி இன்னும் அழியவில்லை. மார்பில் செம்பழுப்புப் பட்டை. நடுநடுவே வெள்ளை இறகு எட்டிப்பார்த்தது, சுண்ணாம்பு உரிந்த செங்கல் சுவர் மாதிரி. நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், தலையைச் சாய்க்கும், ஒரு கொத்து. மெல்லிய புழு ஒன்று ரப்பர் போல நீண்டு வந்தது. அறுந்துவிடாமல் மெதுவாக, விட்டு விட்டு இழுத்தது. முழுசாக வந்ததும் ஒரே விழுங்கு. உப்புக்கொத்திக்குக் கண்தான் ஆயுதம், அதனால்தான் அத்தனை பெரிய கண். பக்கத்திலேயே கொசு உள்ளான்கள் தலை நிமிராமல் தையல் இயந்திரம் போலச் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. உள்ளானுக்கு அலகு நுனியில் தொடு உணர்ச்சி அதிகம். இரையைப் பார்க்கவே வேண்டாம்.

இந்த உப்புக்கொத்தி கூடு கட்டுவது திபெத், லடாக் பக்கம், கடல் மட்டத்துக்கு மேல் 4000 மீட்டர் உயரத்தில். இமயமலையைத் தாண்டி வந்து, கடல் மட்டத்தில் புழு இழுத்துக்கொண்டிருக்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது பழகவில்லை.

தண்ணீர் ஓரத்தில் மூன்று வளைமூக்கு உள்ளான்கள். வயிற்றில் செங்கல் சிவப்பு திட்டுத் திட்டாக மிச்சமிருந்தது. சைபீரியாவின் வடகோடியிலிருந்து வருபவை இவை. ஆண் பறவைக்கு அடைகாக்கும் வேலை இல்லை. ஜூலைத் தொடக்கத்திலேயே கிளம்பிவிடும். பெண் பின்னால் வரும். "அப்போ குஞ்சு எங்க மாமா?" என்றான் பையன். குஞ்சுகள் கடைசியில், பெற்றோர் துணை இல்லாமல், முன்பின் பார்க்காத வழியில் தாங்களாகவே வரும் என்றேன். தொலைநோக்கியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

வீச்சு வலையோடு ஒரு பெரியவர் வந்தார். வலையை உதறாமல், பறவைகளைச் சுற்றிக்கொண்டு போனார். அது எனக்குப் பிடித்திருந்தது. "இந்த வருஷம் சீக்கிரம் வந்துடுச்சாண்ணே?" என்றேன். "கரெக்டாதான் வந்துருக்குது தம்பி. இதுங்க வந்தா மழைக்கு ரெண்டு மாசம்னு எங்கப்பா கணக்கு சொல்வாரு" என்றார். அவருடைய கவலை முகத்துவாரம். மணல் அடைத்துக்கொண்டால் ஆற்றுக்கு ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. மீன் உள்ளே வராது. பறவைக்கும் அதே கதைதான். தண்ணீர் இறங்காவிட்டால் சேறு தெரியாது, சேறு தெரியாவிட்டால் சாப்பாடு கிடையாது. சாக்கடை நாற்றம் அன்று கடுமையாகவே இருந்தது; திட்டு முழுக்கப் பால் கவர். ஒரு கொசு உள்ளான் கவரின் விளிம்பைக் குத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தது. இருபது, முப்பது கிராம் எடையுள்ள உயிர் ஆர்க்டிக்கிலிருந்து வந்து இறங்கும் இடத்தை இப்படி வைத்திருக்கிறோமே என்று மனசு வலித்தது.

பத்து மணிக்கு மேல் தண்ணீர் ஏறியது. திட்டு சுருங்கச் சுருங்க எல்லாம் நெருங்கி வந்து நின்றன. சில ஒற்றைக்காலில், அலகை முதுகில் செருகிக்கொண்டு. கடைசிச் சாண் சேறும் மூழ்கியபோது மொத்தமாக எழுந்து, வெள்ளை அடிவயிறு ஒரு நொடி வெயிலில் மின்ன, பாலத்துக்கு அப்பால் மணல்மேட்டில் போய் உட்கார்ந்தன.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பையன் கேட்டான், குஞ்சுகள் எப்போது வரும் என்று. செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.