டி.டி. ஊசியும் தூக்க முடியாத கையும்

காலில் துருப்பிடித்த ஆணி ஏறியதற்கு டி.டி. ஊசி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசி, போடப் போனேன். கால் நாலு நாளில் ஆறிவிட்டது. ஊசி போட்ட தோள்தான் ஏழு மாதமாகியும் ஆறவில்லை.

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள் நான். அன்று போட்டிருந்தது கை இறுக்கமான ரவிக்கை, நானே தைத்தது. கையைச் சுருட்ட முடியவில்லை என்றதும் நர்ஸ் நின்றபடியே கழுத்துப் பக்கமிருந்து துணியை இழுத்து இறக்கி, தோள் எலும்பை ஒட்டியே குத்திவிட்டார். எலும்பு முனைக்கு இரண்டு மூன்று விரல் கீழே, சதை திரண்ட இடத்தில் போட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ராத்திரியே வலி. மூன்றாம் நாள் பின்னல் போடக் கை எட்டவில்லை.

திரும்பிப் போய்க் கேட்டால், "கொறச்சு வேதன உண்டாவும் சேச்சீ" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஆறு வாரம் பொறுத்தேன். அப்புறம் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். எம்.ஆர்.ஐ.யில் தோள் சதைக்கு அடியிலிருக்கும் சிறு நீர்ப்பையில் வீக்கம் தெரிந்தது. மருந்து சதையில் இறங்காமல் அங்கே போயிருக்கலாம் என்றார். 'ஊசி போட்ட அன்றே வலி, அதற்கு முன் தோளில் தொந்தரவு இல்லை' என்று சீட்டில் ஒரு வரி எழுதினார். அந்த வரியின் மதிப்பு பிறகுதான் தெரிந்தது.

சித்தூர் வக்கீல் (ஆந்திரச் சித்தூர் இல்லை, எங்கள் தாலுகா) முதலிலேயே சொல்லிவிட்டார். அமெரிக்காவில் தடுப்பூசி பாதிப்புக்கென்று 1988 முதல் தனி இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறதாம். 2017-ல் தோள் காயத்தையும் அதில் சேர்த்தார்கள். 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். நமக்கு அப்படி ஒரு திட்டம் இல்லை, ஊசி போட்டதில் கவனக்குறைவு என்று நாம்தான் காட்ட வேண்டும். காசு கொடுத்துப் போட்டதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், இரண்டு வருஷத்துக்குள். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி என்றால் 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி அந்த வழியும் அடைப்பு.

"பில் இருக்கா?" என்றார். 140 ரூபாய் பில்லை யார் வைத்திருப்பார்கள்? மிஷின் டிராயரைக் கவிழ்த்துத் தேடினேன். கிடைத்தது. பின்பக்கம் யாருக்கோ அளவு குறித்திருந்தேன்: மார்பு 36, கைச்சுற்று 11½. அதுதான் என் முதல் ஆவணம்.

சிகிச்சைப் பதிவு கேட்டு எழுதிக் கொடுத்தால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று விதி. மூன்று தடவை அலையவிட்டார்கள். விதியைக் குறிப்பிட்டு வக்கீல் கடிதம் போனதும் மறுநாளே வந்தது. அதில் 'டி.டி., இடது' என்பதைத் தவிர ஒன்றுமில்லை. யார் போட்டது, எந்த இடத்தில் என்று எதுவும் கிடையாது. எனக்கு ஏமாற்றம். வக்கீல் முகத்தில் சிரிப்பு: பதிவு சரியாக இல்லாதது நமக்குத்தான் சாதகமாம்.

3,20,000 ரூபாய் கேட்டுப் பாலக்காட்டில் மனு போட்டோம். சேவைக்குக் கொடுத்த காசு 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. எதிர்த்தரப்புக்கு 30 நாள், கேட்டால் இன்னும் 15. நாற்பத்தைந்தாம் நாள்தான் பதில் வந்தது: சர்க்கரை வியாதியால் தோள் இறுகியிருக்கலாமாம்! கோவை டாக்டர் முதல் நாளே ரத்தச் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருந்தார், எனக்குச் சர்க்கரை இல்லை. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. ஒவ்வொன்றும் ஒரு நாள் தையல் கூலி.

சமரசத்துக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம். 1,15,000-க்கு முடிந்தது. இன்னும் இழுத்துப் பார்க்கலாம் என்றார் வக்கீல். எனக்குப் போதும் என்றிருந்தது. பிசியோவுக்கும் ஸ்கேனுக்கும் போனதை எடுத்துவிட்டு, மிச்சத்தில் மோட்டார் வைத்த மிஷின் வாங்கினேன். ஊசி மேல் எனக்குக் கோபமில்லை, குத்திய இடம்தான் தப்பு. அடுத்த டோஸை வலது கையில், தொளதொளவென்ற நைட்டியோடு போய்ப் போட்டுக்கொண்டேன்.

பில் ஆணையத்துக் கோப்பிலேயே தங்கிவிட்டது. அந்த 36 அளவுக்கார அக்காவுக்கு மறுபடி அளவெடுத்துத்தான் ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். கைச்சுற்று இப்போது 12.