கட்டி இல்ல மாமி, முட்டை

போன வெள்ளிக்கிழமை மாமி திருகோணமலை பத்திரகாளி அம்மன் கோயில்ல வைச்சு ரெண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறா, "மருமகளுக்கு உள்ளுக்க நிறையக் கட்டியாம், அதுதான் தங்குதில்ல" எண்டு. நான் வேலை முடிஞ்சு வீடு வந்து சேர முதல் கதை உப்புவெளி வரைக்கும் போயிட்டுது. ஒரு அன்டி கோல் எடுத்து எப்ப ஒப்பரேஷன் எண்டு கேக்கிறா.

மாமியில பிழை சொல்லவும் ஏலாது, எனக்கு இருக்கிற பிசிஓஎஸ் (பொலிசிஸ்டிக் ஓவரி, அதாவது சூலகத்தில நிறைய சிஸ்ட்) எண்ட பேரே அப்பிடி. பிசிஓஎஸ்ல சிஸ்ட் எண்டு சொல்லுறது உண்மையில கட்டியே இல்ல, வளராம நிண்டுபோன முட்டைப் பைகள். மாசம் ஒண்டு 18, 20 மில்லிமீற்றருக்கு வளந்து வெடிக்கோணும், எனக்கு எல்லாம் அஞ்சு ஆறோட நிண்டிடும். டொக்டர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினவ, சூலகத்தின்ர ஓரத்தைச் சுத்தி முத்துமாலை கோத்த மாதிரி குட்டிக் குட்டிக் கறுப்பு வட்டங்கள். மூண்டு வருஷமா "ஒண்டும் இல்லையோ, ஒண்டும் இல்லையோ" எண்டு கேட்டுக் கேட்டு நானும் எனக்குள்ள ஒண்டும் இல்லையெண்டுதான் நினைச்சிருந்தன், பாத்தா 2022 பெற்றோல் கியூ மாதிரி எல்லாரும் வரிசையில நிக்கினம், ஒருத்தரும் நகரேல்ல, அவ்வளவுதான். அண்டைக்கு ஸ்கேன் கட்டில்ல கிடந்தே சிரிச்சிட்டன், மிஸ்ஸி பயந்திட்டா.

இதுக்கு முதல் காட்டின இடத்தில பீரியட்ஸ் வந்து 21ஆம் நாள் ப்ரொஜெஸ்டரோன் (முட்டை வெடிச்ச பிறகு கூடுற ஹோர்மோன்) பாக்க இரத்தம் குடுக்கச் சொன்னவை. மூண்டு தரம் காசு கட்டிக் குடுத்தன், மூண்டு தரமும் குறைவு. அந்த 21ஆம் நாள் கணக்கு 28 நாளுக்கு ஒருக்கா வாற ஆக்களுக்கு. அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முதல் பாக்கோணும் எண்டதுதான் விஷயம். எனக்கு 45, 50, ஒருக்கா 70 நாளும் போனது, அப்ப 21ல என்னத்தைக் காட்டும்? ஒருத்தரும் என்ர கலண்டரைக் கேக்கேல்ல. (இவர் தன்ர டெஸ்டுக்குப் போக நாலு மாசம் எடுத்தவர், அந்தக் கோபம் தனி, அதை இன்னொரு நாள் எழுதுறன்.)

இப்ப முட்டை வளர லெட்ரோசோல் எண்ட குளிசை. பீரியட்ஸ் வந்து மூண்டாம் நாள்ல இருந்து அஞ்சு நாள். ஃபார்மசியில வாங்கி பெட்டிக்குள்ள இருந்த தாளை வாசிச்சா மார்புப் புற்றுநோய் எண்டு கிடக்கு, எனக்கு கை கால் விறைச்சிட்டுது. பிறகுதான் தெரியும், அதுக்கெண்டு வந்த மருந்துதான், ஆனா ஈஸ்ட்ரஜனைக் குறைச்சு மூளையை உசுப்பி முட்டையை வளக்கிறதால இதுக்கும் குடுக்கினம். 2014ல அமெரிக்காவில பிசிஓஎஸ் உள்ள 750 பேரை வைச்சு செய்த ஆய்வில, பழைய க்ளோமிஃபீன் எடுத்தவையில 19.1 வீதம் பேருக்கும் லெட்ரோசோல் எடுத்தவையில 27.5 வீதம் பேருக்கும் பிள்ளை கிடைச்சிருக்கு. நூறில 27 எண்டா மிச்சம் 73 எண்டும் யோசிச்சு இரவு நித்திரை இல்ல, அது வேற.

மாமி தன்ர பங்குக்கு கோணேசர் மலை மரத்தில தொட்டில் கட்டப் போனவ. நானும் கூடப் போனன், மாட்டன் எண்டு சொல்லத்தான் இருந்தன், ஆனா படியேற முழங்கால் நோகுது எண்டு என்ர கையைப் பிடிச்சவ, விடேல்ல. அர்ச்சனைக்கு வாங்கின வாழைப்பழத்தில பாதியைக் கோட்டை வாசல் மான் திண்டிட்டுது.

போன கிழமை 10ஆம் நாள் ஸ்கேன்ல 11 மில்லிமீற்றர். 12ல 14. 14ஆம் நாள், 18. ஒண்டே ஒண்டு, வரிசையை விட்டு முன்னுக்கு வந்திருக்கு. முட்டையை வெடிக்க வைக்கிற ஊசியை ஃபிரிட்ஜில வைக்கச் சொல்லித் தந்தவை, மாமி மீனெல்லாம் கீழ இறக்கி மேல் தட்டைத் துடைச்சு அதை மஸ்கெட் பெட்டிக்குள்ள வைச்சு மூடினா. நேற்று இரவு போட்டாச்சு. இனி ரெண்டு கிழமை. அதுக்குள்ள அவசரப்பட்டு டெஸ்ட் பண்ணினா பிள்ளை தங்காட்டியும் அந்த ஊசி மருந்தே ரெண்டு கோடு காட்டும், அதால இவரிட்ட சொல்லி டெஸ்ட் பெட்டியை ஒளிச்சு வைச்சாச்சு.

இண்டைக்குக் காலம முத்தத்தில மாமி மதிலுக்கு அங்கால நிண்ட ஆளோட கதைக்கிறது கேட்டுது. "கட்டியெல்லாம் இல்ல பிள்ளை, முட்டை. பதினெட்டு வந்திட்டுது."

ஐயோ மாமி.